லண்டன் கால்வாய்ப் படகில் குடியேறும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குக்கு ஃபெர்ரியில் வரும்போது அக்கா மகன் கேட்டான்: "மாமா, லண்டன்ல வாடகையைக் கேட்டாலே தலை சுத்துது. நீங்க இருந்த மாதிரி நானும் ஒரு கால்வாய்ப் படகு வாங்கிடவா?" அவனுக்கு அங்கே வேலை கிடைத்திருக்கிறது. நான் இரண்டு குளிர்காலம் படகில் இருந்தவன். அவனுக்குச் சொன்னதையே எழுதுகிறேன்.

கோடையில் பார்த்து மயங்கி வாங்குவதுதான் பெரிய தவறு. பினாங்கில் வருஷம் முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம். லண்டனில் டிசம்பர் பகல் 8 மணி நேரம்கூட இல்லை. ஜூலையில் ஃபிரிட்ஜை ஓட்டிய சோலார் தகடு அப்போது திணறும். பேட்டரி ஏற இன்ஜினை ஓட்ட வேண்டும். அதுவும் இரவு 8 முதல் காலை 8 வரை கூடாது.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. படகுக்குள் கரி அடுப்புதான் கணப்பு. முதல் டிசம்பரில் குளிர் தாங்காமல் கதவோரக் காற்றுத்துளையில் ஒரு பழைய கைலியைத் திணித்து வைத்தேன். பக்கத்துப் படகுப் பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, உள்ளே வந்து உருவி என் கையில் கொடுத்தார். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். குடியிருக்கும் படகுகளில் அதற்கான அலாரம் 2019 முதல் கட்டாயம். துளையை அடைக்காதீர்கள், அலாரத்தை வாரம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

சரி, சட்டம். அங்கே கால்வாய்களை நிர்வகிக்கும் கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட்டின் உரிமம் வேண்டும்; அதற்குக் காப்புறுதியும், 4 வருஷத்துக்கு ஒருமுறை எடுக்கும் பாதுகாப்புச் சான்றிதழும் வேண்டும். நிரந்தரமாகக் கட்டும் இடம் இல்லையென்றால், 1995-ஆம் வருடச் சட்டப்படி ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்க முடியாது. பக்கத்துப் பாலம் வரை போய்த் திரும்பி வந்தால் செல்லாது. வேலைக்குப் போகும் வழி அடிக்கடி மாறும் என்பதை இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள். பல படகுகளில் கழிப்பறைத் தொட்டியையும் நாமேதான் தூக்கிப்போய்க் கொட்ட வேண்டும், பழகிவிடும்.

பெயின்ட் பளபளப்பைப் பார்த்து முன்பணம் கொடுக்காதீர்கள். படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி, அடித்தகட்டின் தடிமனை சர்வேயர் அளக்க வேண்டும். அந்தச் செலவு வாங்குபவருடையது. மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இதுவல்ல.

அப்புறம் லாக். தண்ணீரை ஏற்றி இறக்கிப் படகை வேறு மட்டத்துக்குக் கொண்டுபோகும் தொட்டி அது. மேல் கதவுக்கு அடியில் ஒரு திண்டு நீட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் நிறைந்திருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. இறங்கும்போது படகின் பின்பாகம் அதில் மாட்டினால், தண்ணீர் வடிய வடிய முன்பாகம் கவிழ்ந்து, சில நிமிடத்தில் படகு மூழ்கிவிடும். திண்டு எதுவரை என்று சுவரில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள். பின்பாகம் அதைத் தாண்டி முன்னால் நிற்கிறதா என்று பார்த்த பிறகே தண்ணீரைத் திறக்க வேண்டும். முதல் சில தடவை தனியாகப் போகாதீர்கள். ஒருவர் சுக்கானைப் பிடிக்கட்டும், இன்னொருவர் மதகருகே நிற்கட்டும்.