டிஹெச்சிபி சர்வரைப் புது மெஷினுக்கு மாற்றுவது எப்படி?

விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2-க்கான நீட்டித்த ஆதரவும் 2023 அக்டோபரோடு முடிந்துவிட்டது. உங்கள் டிஹெச்சிபி (நெட்வொர்க்கில் உள்ள கணினிகளுக்கு ஐபி முகவரி தரும் சேவை) இன்னும் அதில்தான் ஓடுகிறதென்றால், விண்டோஸ் சர்வர் 2022-க்கு மாற்றிவிடுங்கள். ஸ்கோப் (தரக்கூடிய ஐபிக்களின் வரம்பு), ரிசர்வேஷன் (ஒரு கருவிக்கென்றே ஒதுக்கிய ஐபி) எல்லாம் ஒரே ஃபைலில் வந்துவிடும். கவனம் வேண்டியது லீஸில்தான், அதாவது ஒரு கணினிக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு ஐபி தரப்பட்ட பதிவில். எந்த ஐபி யாரிடம் இருக்கிறது என்ற கணக்கு தெரியாத புது சர்வர், ஒருவரிடம் இருக்கும் ஐபியையே இன்னொருவருக்கும் கொடுத்துவிடலாம்.

ஒரு வாரம் முன்பே

ஸ்கோப் ப்ராப்பர்ட்டீஸில் லீஸ் காலத்தை 8 நாளிலிருந்து 8 மணி நேரமாகக் குறையுங்கள். பாதிக் காலம் போனதும் கிளையன்ட் (ஐபி வாங்கிய கணினி) புதுப்பிக்க வரும். ஆக, ஆன் செய்தே இருக்கும் கணினிகள் 4 நாளுக்குள் 8 மணி லீஸுக்கு வந்துவிடும். பழைய சர்வர் பதில் தராவிட்டால், 87.5 சதவீதக் காலம் கழிந்தபின் கிளையன்ட் நெட்வொர்க் முழுக்கக் கேட்கும். 8 மணி லீஸுக்கு அது 7-ஆவது மணி. இந்தக் காத்திருப்பைச் சுருக்கத்தான் இவ்வளவு முன்னேற்பாடு.

மாற்றும் நாளில்

புது சர்வரில் டிஹெச்சிபி ரோலை நிறுவுங்கள், ஆத்தரைஸ் (ஆக்டிவ் டைரக்டரியில் ஐபி தர அனுமதிப்பது) மட்டும் இப்போது செய்யாதீர்கள். பழைய சர்வரின் பவர்ஷெல்லில் ‘எக்ஸ்போர்ட்-டிஹெச்சிபிசர்வர்’ கட்டளையை ‘லீசஸ்’ சுவிட்சோடு ஓட்டுங்கள். இந்த சுவிட்சை விட்டால் லீஸ் விவரம் வராது. ஃபைல் கிடைத்த கையோடு பழைய சர்வீஸை நிறுத்தி, டிசேபிள் செய்யுங்கள். இடையில் தரப்படும் ஐபி எதுவும் அந்த ஃபைலில் இருக்காது.

அடுத்து புதியதில் ‘இம்போர்ட்-டிஹெச்சிபிசர்வர்’. இதற்கும் ‘லீசஸ்’ வேண்டும். பேக்கப் ஃபோல்டரின் பாதையையும் கேட்கும். அட்ரஸ் லீசஸ் பட்டியல் நிரம்பியிருக்கிறதா என்று பார்த்த பிறகே ஆத்தரைஸ் செய்யுங்கள்.

பலரும் விட்டுவிடுவது

புது சர்வரின் ஐபி வேறு என்றால், ரவுட்டரில் ஒவ்வொரு விலானுக்கும் (தனியாகப் பிரித்த நெட்வொர்க் பகுதி) உள்ள ‘ஐபி ஹெல்பர்’ முகவரியை, அதாவது ஐபி கோரிக்கைகளை எந்த சர்வருக்கு அனுப்புவது என்பதை, மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் சர்வர் இருக்கும் விலான் மட்டும் வேலை செய்யும், மற்ற மாடிகளிலிருந்து போன் வரும். பழைய சர்வரே டிஎன்எஸ்ஸாகவும் (பெயரை ஐபியாக மாற்றித் தரும் சேவை) இருந்திருந்தால், டிஎன்எஸ் முகவரியைச் சொல்லும் ஸ்கோப் ஆப்ஷன் 6-இல் அதன் ஐபி அப்படியே வந்திருக்கும்; அதையும் திருத்துங்கள். டிஎன்எஸ் அப்டேட்டுக்குத் தனி அக்கவுன்ட் வைத்திருந்தால், பாஸ்வேர்டை மறுபடி கொடுங்கள்.

ஒவ்வொரு விலானிலும் ஒரு கணினியில் ‘ஐபிகான்ஃபிக்’ கட்டளையால் ரிலீஸ், ரின்யூ செய்து பாருங்கள். ‘ஆல்’ போட்டால் ‘டிஹெச்சிபி சர்வர்’ வரியில் புது ஐபி தெரிய வேண்டும். ஓரிரு நாள் சிக்கலின்றி ஓடினால் லீஸை மறுபடி 8 நாளாக்கிவிட்டு, பழைய சர்வரை அன்ஆத்தரைஸ் செய்யுங்கள்.