வீட்டுக்கு விலை கேட்பது எப்படி? மலையகத்தில் முதல் வீடு வாங்குவோருக்கு

பண்டாரவளைப் பக்கம் ஒரு வீட்டைப் பார்த்த அன்றைக்கே, வேறு யாராவது கொத்திக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயத்தில் ஐம்பதாயிரம் ரூபாயை வீட்டுக்காரர் கையில் வைத்தவன் நான். வெள்ளைத்தாளில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். மூன்றாம் கிழமை வீடு வேறொருவருக்குப் போய்விட்டது. பணம் திரும்பி வர நான்கு மாதம். அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் காகிதம்

விலை பேசுமுன் உறுதியின் (காணி உரிமைப் பத்திரத்தின்) பிரதி, நில அளவைப் படம், வரி ரசீது மூன்றையும் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவோ என்று நம்மில் பலர் கூச்சப்படுவோம். காட்டத் தயங்குகிறவரிடம் விலை பேசுவதே வீண்.

காணி எந்த வகை என்று பாருங்கள். அறுதி உறுதி, அதாவது காணி முழுதாக விற்பவருக்கே சொந்தம் என்ற பத்திரம் என்றால் நல்லது. அரசு பர்மிட்டிலோ அளிப்பாகவோ கொடுத்த காணி என்றால் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது. லயக் காம்பிராவை 'விற்கிறேன்' என்று யாராவது வந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது கம்பனிக்குக் குத்தகைக்கு விட்ட அரச காணி. இருப்பவரிடம் விற்பதற்கு ஒன்றும் இல்லை.

அப்புறம் மழையில் ஒரு நடை

வெயில் நாளில் எல்லா வீடும் அழகுதான். நல்ல மழைக்கு மறுநாள் போய், பின்பக்கத்து மண்மேட்டைப் பாருங்கள். சுவரிலும் தரையிலும் புதிய வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரங்கள், திடீரென்று கலங்கி வரும் ஊற்று இவற்றில் எது இருந்தாலும் நிதானியுங்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்த மண்சரிவை நமக்கு யாரும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. மண்சரிவு அபாயம் பற்றித் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேட்கலாம். சந்தேகம் இருந்தால் கேட்காமல் விலை சொல்லாதீர்கள்.

உங்கள் எண்ணை வீட்டிலேயே முடிவுசெய்யுங்கள்

இங்கே காணியை பேர்ச்சில்தான் பேசுவார்கள். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி, 160 பேர்ச் ஒரு ஏக்கர். பக்கத்தில் 'கேட்கும் விலை' என்ன என்பதை விட்டுவிட்டு, கடைசியாக உறுதி எழுதிய விலை என்ன என்று விசாரியுங்கள். வாகனம் வாசல் வரை வருமா, தண்ணீர் குழாயிலா ஊற்றிலா, கூரை மாற்ற வேண்டுமா, தாங்குசுவர் கட்ட வேண்டுமா என்பதெல்லாம் எண்ணைக் கூட்டும், குறைக்கும்.

உறுதி எழுதும்போது அரசுக்குக் கட்டும் முத்திரைச் செலவை மறக்காதீர்கள், அது வாங்குகிறவர் தலையில்தான். முதல் ஒரு லட்சத்துக்கு 3%, மீதிக்கு 4%. 84 லட்சத்துக்கு வாங்கினால் 3 லட்சத்து 35 ஆயிரம். நொத்தாரிசின் (உறுதி எழுதும் சட்டத்தரணியின்) கட்டணம் தனி. லோன் எடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வங்கி பார்ப்பது அதன் மதிப்பீட்டாளர் போடும் விலையைத்தான். அது குறைந்தால் மிச்சத்தை உங்கள் கையிலிருந்துதான் போட வேண்டும்.

விலை சொல்லும் நேரம்

வீட்டுக்காரர் 95 லட்சம் சொல்கிறார், உங்கள் உச்சம் 84 லட்சம் என்று வையுங்கள். "ஐயா, வீடு பிடித்திருக்கிறது. கூரைக்கும் பின்சுவருக்கும் செலவு இருக்கிறது, அதனால் 78க்குத்தான் என்னால் வர முடியும்" என்று காரணத்தோடு சொல்லுங்கள். சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் நானே இரண்டு லட்சம் ஏற்றிச் சொன்ன நாளும் உண்டு.

புரோக்கரிடம் உங்கள் உச்சத்தைச் சொல்லவே வேண்டாம். விலை ஏறினால் அவர் கமிஷனும் ஏறும்.

சிலருக்கு விலையைவிட நாள் முக்கியம். பிள்ளைகளிடம் வெளிநாடு போகிறவருக்கு "இரண்டு மாதத்தில் முழுப் பணமும்" என்ற வார்த்தை மூன்று லட்சத்துக்குச் சமம். தண்ணீர் டேங்க், கேட், ஹீட்டர் எல்லாம் வீட்டோடு வருமா என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள்.

எழுத்தில் வைப்பது

என் வெள்ளைத்தாள் ஏன் செல்லவில்லை? 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனை மட்டுமல்ல, விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு கையெழுத்தாக வேண்டும். வாய்ப்பேச்சுக்கு மதிப்பில்லை.

விலை ஒத்துப்போனதும் விற்பனை உடன்படிக்கைக்குப் போங்கள். நொத்தாரிசை நீங்களே தேடுங்கள், வீட்டுக்காரர் காட்டும் ஆளாக இருக்க வேண்டாம். அட்வான்ஸைக் காசாகக் கொடுக்காமல் காசோலையாகக் கொடுங்கள். காணி யார் யார் கைமாறி வந்தது என்று பார்க்கும் 30 வருட உரிமைத் தேடலில் குறை வந்தாலோ வங்கி லோனை மறுத்தாலோ அட்வான்ஸ் முழுதும் திரும்ப வரும் என்ற வாசகம் கட்டாயம் இருக்கட்டும். கூட்டுச் சொத்து என்றால் பங்குதாரர் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். "தம்பி கனடாவில், அவன் ஒன்றும் சொல்லமாட்டான்" என்பது போதாது, தன் சார்பில் கையெழுத்திட அந்தத் தம்பி தந்த அட்டோர்னித் தத்துவத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

உடன்படிக்கையைக் காணிப் பதிவகத்தில் பதிந்துவிடுங்கள். உறுதி எழுதும் நாளுக்கு முன் அங்கே இன்னொரு தடவை ஏட்டைப் பார்க்கச் சொல்லுங்கள், இடையில் யாராவது காணியை ஈடு வைத்திருந்தால் அதில் தெரிந்துவிடும்.