மத்திய பட்ஜெட்டில் ஒரே ஒரு திட்டத்தின் கணக்கு வரிசையைப் பிடித்துப் படிப்பது எப்படி?

பிப்ரவரி 1 காலை 11 மணிக்கு நிதியமைச்சர் பேசத் தொடங்கியதுமே, எது விலை ஏறும், எது இறங்கும் என்று டிவியில் பட்டியல் ஓட ஆரம்பித்துவிடும். அதை நம்பி நேரத்தைச் செலவழிக்காதீர்கள். 2017-இல் ஜிஎஸ்டி வந்த பிறகு சோப்பு, பிஸ்கட், செருப்புக்கெல்லாம் வரியை முடிவு செய்வது ஜிஎஸ்டி கவுன்சில். பெட்ரோல் மீதான மத்திய வரியைக்கூட ஒரு சாதாரண அறிவிப்பாணை போட்டு எந்த மாதத்திலும் மாற்றிவிடுவார்கள். 2025 ஏப்ரலில் லிட்டருக்கு 2 ரூபாய் ஏற்றியது அப்படித்தான். பட்ஜெட் உரை ஒரு மேடைப் பேச்சு மாதிரி. அதோடு சேர்த்துத் தாக்கலாகும் காகிதங்களில்தான் விஷயம் இருக்கிறது.

நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். பட்ஜெட் என்றால் எங்களுக்கு அது பிப்ரவரி வேலை இல்லை, ஆயுத பூஜை சமயத்து வேலை. நிதி அமைச்சகத்தின் பட்ஜெட் சுற்றறிக்கை மழைக்காலத்தில் கிளம்பி, அமைச்சகம், துறை, தலைமை அலுவலகம் என்று படிப்படியாக இறங்கி எங்கள் மேஜைக்கு வரும். சம்பளம், பயணப்படி, வாடகை, அலுவலகச் செலவு என்று ஒவ்வொரு தலைப்புக்கும் கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும்: போன வருஷம் நிஜமாகவே செலவானது, இந்த வருஷத்துக்கு ஒதுக்கியது, இதுவரை ஆன செலவு, மார்ச் வரை இன்னும் தேவைப்படுவது, அடுத்த வருஷத்துக்குக் கேட்பது. கடைசிக் கட்டத்தை எப்போதும் கொஞ்சம் தாராளமாகவே போடுவோம். மேலே வெட்டுவார்கள் என்று எங்களுக்குத் தெரியும், கூட்டித்தான் கேட்பார்கள் என்று அவர்களுக்கும் தெரியும்.

அக்டோபர் வாக்கில் செலவினத் துறைச் செயலர் ஒவ்வொரு அமைச்சகத்தையும் உட்கார வைத்துப் பேசுவார். ஜனவரி முதல் வாரத்தில் நாட்டின் மொத்த உற்பத்தி பற்றிய முதல் முன்மதிப்பீடு வந்ததும், அதை வைத்துப் பற்றாக்குறை எத்தனை சதவீதம் என்று கணக்குப் போடுவார்கள். பட்ஜெட் அச்சு வேலைக்கு முன் அல்வா கிண்டி, ரகசியம் கசியாமல் இருக்க ஊழியர்களை உள்ளே வைத்துப் பூட்டி, டிவியில் காட்டுவதற்குள் பெரும்பாலான தொகைகள் முடிவாகியிருக்கும். புதிதாகப் பங்கு போட மிஞ்சுவதும் குறைவு. 2025-26 பட்ஜெட் மொத்தம் 50.65 லட்சம் கோடி ரூபாய். அதில் ஒவ்வொரு ரூபாயிலும் 20 பைசா வட்டிக்கே போனது; வரவு பக்கம் 24 பைசா கடன்.

சரி, படிக்கும் முறைக்கு வருவோம். நிதி அமைச்சகத்தின் பட்ஜெட் இணையதளத்தில் எல்லாமே இலவசம். ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான் இருக்கும். எல்லார் வரியையும் வாங்குகிறவர்கள் எல்லார் மொழியிலும் போட்டால் என்ன என்று எனக்கு ஒரு எரிச்சல் உண்டு. போகட்டும், எண்களுக்கு மொழி தேவையில்லை. ‘எக்ஸ்பென்டிச்சர் பட்ஜெட்’ என்ற தொகுப்பைத் திறங்கள். நூறுக்கும் மேற்பட்ட மானியக் கோரிக்கைகள், அதாவது அமைச்சகங்கள் தங்கள் செலவுக்கு நாடாளுமன்றத்திடம் பணம் கேட்கும் கணக்குகள், இருக்கும். எல்லாம் வேண்டாம், உங்கள் வீட்டையோ தெருவையோ தொடுகிற ஒரு திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். அதன் கணக்கு வரிசையில் நான்கு தொகைகள் இருக்கும்: முந்தைய ஆண்டின் அசல் செலவு, நடப்பு ஆண்டின் பட்ஜெட் மதிப்பீடு, அதே ஆண்டின் திருத்திய மதிப்பீடு, வரப்போகும் ஆண்டின் மதிப்பீடு. அலுவலகத்தில் நாங்கள் ஆக்சுவல்ஸ், பி.இ., ஆர்.இ. என்போம்.

2023 பிப்ரவரியில் நூறு நாள் வேலைத் திட்டத்தின் வரிசை இப்படி இருந்தது: 2021-22 அசல் செலவு சுமார் 98,468 கோடி. 2022-23 பட்ஜெட் மதிப்பீடு 73,000 கோடி, திருத்திய மதிப்பீடு 89,400 கோடி. 2023-24-க்கு ஒதுக்கியது 60,000 கோடி. முந்தைய வருஷம் போட்டது போதாமல் பதினாறாயிரம் கோடிக்கு மேல் கூட்டியவர்கள், அடுத்த வருஷத்துக்கு அதைவிடக் குறைத்து எழுதியிருக்கிறார்கள். இது செலவுக் கணக்கே இல்லை, பற்றாக்குறையைப் பார்க்க லட்சணமாகக் காட்டும் வேலை. எதிர்பார்த்தபடியே 2023-24-இலும் ஆர்.இ. 86,000 கோடிக்கு ஏறியது. 2024-25-இல் 86,000 கோடி போட்டு, திருத்தியதிலும் அதையே வைத்தார்கள். 2025 ஜனவரியில்தான் தமிழ்நாட்டுக்கு 1,056 கோடி ரூபாய் கூலி வர வேண்டும் என்று முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். வேலை பார்த்த பதினைந்து நாளுக்குள் கூலி தர வேண்டும் என்பது சட்டம். வரப்பு வெட்டிய பாட்டியின் பாஸ்புக்கில் பணம் ஏறாததற்கும் அந்த நான்கு தொகைகளுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது.

எதிர்ப்பக்கமும் நடக்கும். அறிவிப்பில் பெரிய தொகை, ஆர்.இ.யில் பாதி, ஆக்சுவல்ஸில் அதற்கும் கீழே. அப்படிப்பட்ட வரிசையைப் பார்த்தால், கைதட்டல் வாங்கிய திட்டம் கிடப்பில் இருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். மார்ச் மாத அவசரத்தையும் கவனியுங்கள். செலவாகாத பணத்தை ‘சரண்டர்’ செய்தால் அடுத்த வருஷம் குறைத்துவிடுவார்களே என்ற பயத்தில், நான் இருந்த ஓர் அலுவலகத்தில் மார்ச் கடைசி வாரம் நாற்காலிகளாக வந்து இறங்கும். மார்ச்சில் 15 சதவீதத்துக்கு மேல் செலவு செய்யாதே என்று நிதி அமைச்சகம் விதி போட்டதே இதற்காகத்தான்.

நாடாளுமன்றம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட முடியாது. 2018-இலும் 2023-இலும் மக்களவையில் அமளிக்கு நடுவே எல்லா மானியக் கோரிக்கைகளும் விவாதமே இல்லாமல் மொத்தமாக நிறைவேறின. ஓரளவு உருப்படியாக வேலை நடப்பது எம்.பி.க்கள் அடங்கிய துறைசார் நிலைக்குழுக்களில். பட்ஜெட் கூட்டத்தொடரின் இடைவேளையில் கோரிக்கைகளைப் பரிசீலித்து அறிக்கை தருவார்கள். ஏன் செலவாகவில்லை என்று அமைச்சகத்தைக் கேட்ட கேள்வியும் வந்த பதிலும் அதில் இருக்கும்.

கோரிக்கை வைக்கிறவர்கள் ஜனவரி கடைசியில் மனு கொடுப்பதில் பயனில்லை. செப்டம்பர் முதல் டிசம்பருக்குள் எழுதுங்கள். அப்புறம், மத்திய அரசின் கணக்குத் தலைமைக் கட்டுப்பாட்டாளர் மாதாமாதம் வெளியிடும் கணக்கைப் பாருங்கள். உங்கள் திட்டத்துக்கான அமைச்சகம் பாதி வருஷத்தில் எவ்வளவு செலவழித்திருக்கிறது என்று தெரியும். அந்த எண்ணையும் பட்ஜெட் பக்க எண்ணையும் போட்டு உங்கள் தொகுதி எம்.பி.க்கு ஒரே பக்கத்தில் கடிதம் எழுதுங்கள். “நடவடிக்கை எடுக்கவும்” என்று முடிக்காதீர்கள். “இதை நட்சத்திரக் குறியிடாத கேள்வியாக அவையில் எழுப்புங்கள்” என்று கேளுங்கள். அதற்கு அமைச்சர் எழுத்துப்பூர்வமாகப் பதில் சொல்ல வேண்டும், அந்தப் பதில் மக்களவை இணையதளத்திலும் ஏறும்.