‘வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்’ பார்த்துவிட்டுச் சண்டை போடுமுன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

“வார்னு பேர வச்சிட்டு, கடைசி வரைக்கும் வாரையே காட்டலையே மாமா?”

படம் முடிந்ததும் அக்கா மகன் கேட்ட முதல் கேள்வி இதுதான். பெங்களூரு அல்சூர் பக்கம் மர்பி டவுனில் அக்கா வீடு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பிரியாணி உண்ட மயக்கத்தில் ஐந்து பேர் சாய்ந்து உட்கார்ந்து ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் படத்தைப் பார்த்து முடித்திருந்தோம். படத்தில் வரும் சின்னப் பெண் வீரிட்டுக் கத்தியதில் அக்காவுக்குத் தலைவலி. அத்தானுக்குக் கடைசிப் பத்து நிமிடம் பிடிக்கவில்லை. “டைரக்டருக்குப் பணம் தீந்துபோச்சு போல. சட்டுனு மூட்டை கட்டிட்டாரு.” எனக்குப் படம் பிடிக்கும், இது நாலாவது தடவை. சித்தப்பா மட்டும் வாயே திறக்கவில்லை.

வேற்றுக்கிரகத்தார் மூன்று கால் இயந்திரங்களில் வந்து பூமியைத் தாக்கும் கதை, 2005 ஜூன் கடைசியில் வெளியான படம் இது. உலகம் முழுக்க ஏறத்தாழ 60 கோடி டாலர் வசூல். அப்படியும் பார்த்தவர்களில் பாதிப் பேர் திட்டுகிறார்கள். விமர்சகர்களே ஒன்றுபடவில்லை: பலர் பாராட்டினார்கள், ரோஜர் ஈபர்ட் நாலுக்கு இரண்டு நட்சத்திரத்தோடு நிறுத்திக்கொண்டார். மூன்று கால் இயந்திரம் நடப்பதே அவருக்கு அபத்தமாகத் தெரிந்தது. இந்தச் சண்டையில் பல வீடுகளில் நடுவராக உட்கார்ந்திருக்கிறேன். எல்லா இடத்திலும் அதே நாலைந்து தவறுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கதையை ஒளிக்காமல் சொல்லப்போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

அக்கா மகனின் கேள்வியிலேயே முதல் தவறு இருக்கிறது: போர்ப் படம் பார்க்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு உட்காருவது. தலைப்பு அப்படி ஆசை காட்டுகிறது, மறுக்கவில்லை. ஆனால் டாம் குரூஸ் இதில் ராணுவ அதிகாரியும் இல்லை, விஞ்ஞானியும் இல்லை. நியூஜெர்சி மாநிலத்தில் பேயோனில் குடியிருக்கும், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற ரே ஃபெரியர். மனைவியைப் பிரிந்தவன். சொந்தப் பெண்ணுக்குப் பிறந்ததிலிருந்து வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது என்பதுகூடத் தெரியாத அப்பன். கேமரா அவனை விட்டு நகர்வதே இல்லை. ஜனாதிபதி பேசுவதில்லை, வரைபடத்தைச் சுற்றி நின்று தளபதிகள் விவாதிப்பதில்லை. ஒரு குன்றுக்கு அந்தப் பக்கம் ராணுவம் மோதுகிறது. மூத்த பையன் அதைப் பார்த்தே தீருவேன் என்று மேலே ஓடுகிறான். நமக்குக் கிடைப்பது குன்றின் விளிம்பில் எழும் நெருப்பு மட்டும். படம் நம்மிடமிருந்து போரை வேண்டுமென்றே மறைக்கிறது.

எச்.ஜி. வெல்ஸ் எழுதிய மூலக்கதையும் அப்படித்தான். 1897-ல் பத்திரிகையில் தொடராக வந்து, 1898-ல் புத்தகமானது. கதைசொல்லிக்குப் பெயரே கிடையாது. லண்டனுக்கு வெளியே வோக்கிங் பக்கத்து ஆள். பாதி நேரம் ஓடுகிறார், மீதி நேரம் ஒளிந்திருக்கிறார். தண்டர் சைல்ட் என்ற போர்க்கப்பல் செவ்வாய்க்காரர்களின் இயந்திரங்கள் மேல் பாய்ந்து மோதும் ஓர் அத்தியாயம் உண்டு. அதைப் படித்தவர்கள் படத்தில் அது இல்லையே என்று ஏங்குவது நியாயம், நானும் ஏங்கினேன். ஆனால் அதையும் கதைசொல்லி நேரில் பார்க்கவில்லை, அவருடைய தம்பி பார்த்ததுதான்.

அடுத்தது முடிவு. அத்தான் மாதிரி “டைரக்டர் ஏமாத்திட்டாரு” என்பவர்கள்தான் அதிகம். எந்த ஆயுதத்துக்கும் அசையாத இயந்திரங்கள் தாமாகவே தள்ளாடி விழுகின்றன. நம் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அவற்றை ஓட்டி வந்தவர்களைக் கொன்றுவிட்டன. இது ஸ்பீல்பெர்க் தலையில் போட வேண்டிய பழி இல்லை, வெல்ஸின் முடிவு. மனிதனின் புத்திக்கும் பீரங்கிக்கும் இதில் பங்கில்லை என்பதுதான் கதையே. கதாநாயகன் ஒரு சூட்சுமம் கண்டுபிடித்து உலகத்தைக் காப்பாற்றியிருந்தால் அது வேறு கதையாகியிருக்கும்.

திடீரென்று வருகிறது என்பதும் முழுக்கச் சரியில்லை. படம் தொடங்குவதே நீர்த்துளிக்குள் நெளியும் நுண்ணுயிர்களோடுதான். இன்னொரு குறிப்பும் உண்டு, நான் இரண்டாம் தடவைதான் கவனித்தேன். ஆரம்பத்தில் அந்தப் பெண் ரேச்சலின் கையில் சிராய் ஏறிவிடும். அப்பன் பிடுங்கப் போவான். வேண்டாம், நேரம் வந்தால் உடம்பே அதை வெளியே தள்ளிவிடும் என்பாள். படத்தின் முடிவு மொத்தமும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. அந்த இடத்தில்தான் அத்தான் மோர் எடுக்க அடுக்களைக்குப் போயிருந்தார்.

ஆனால் “மூலக்கதையில் அப்படித்தான் இருக்கு” என்று சொல்லிப் படத்தை முழுக்கக் காப்பாற்றுவதும் தவறுதான். என்னைப் போன்ற ரசிகர்கள் செய்யும் தவறு அது. நாவலில் செவ்வாய்க்காரர்கள் உருளைக்குள் அடைபட்டு விண்வெளியிலிருந்து புதிதாக வந்து விழுகிறார்கள். செவ்வாயில் கிருமியே கிடையாது என்று வெல்ஸ் காரணமும் சொல்லிவிடுகிறார். முதல் மூச்சிலேயே அவர்கள் கதை முடியத் தொடங்கிவிட்டது என்பது பொருந்துகிறது. ஸ்பீல்பெர்க் இதை மாற்றினார். செவ்வாய் என்ற பேச்சே இல்லை. இயந்திரங்கள் ஏற்கெனவே நம் காலடி மண்ணில் புதைந்திருக்கின்றன, ஓட்டுநர்கள் மட்டும் மின்னலோடு இறங்குகிறார்கள். நடுச்சாலை விரிசல் விட்டுப் பிளந்து, தேவாலயக் கோபுரம் திரும்பி, உள்ளிருந்து அந்த உருவம் எழுந்து நிற்கும் காட்சிக்காகவே இப்படி மாற்றினார்கள் என்று நினைக்கிறேன். காட்சி அபாரம். ஆனால் முன்பே ஒரு தடவை வந்து இயந்திரத்தைப் புதைத்துவிட்டுப் போனவர்களுக்கு இந்த மண்ணின் கிருமி தெரியாதா? அத்தான் இதைக் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை.

பையன் ராபி விஷயத்திலும் பதில் இல்லை. குன்றே பற்றி எரிகிற நெருப்புக்குள் போனவன், பாஸ்டனில் தாத்தா பாட்டி வீட்டு வாசலில் சட்டை அழுக்கோடு நிற்கிறான். எப்படித் தப்பினான் என்று ஒரு சொல் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. நாவலிலும் செத்துவிட்டாள் என்று நினைத்த மனைவி கடைசியில் உயிரோடு வருகிறாள், எனவே சுபமான முடிவை ஹாலிவுட் புகுத்தியது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் வெல்ஸ் அவளை நம் கண் முன்னால் நெருப்புக்குள் அனுப்பவில்லை. (அந்தத் தாத்தாவும் பாட்டியும் யார் தெரியுமா? 1953-ல் வந்த படத்தின் நாயகன் ஜீன் பேரியும் நாயகி ஆன் ராபின்சனும். ராபி மேல் இருந்த கோபத்தில் பலர் இதைக் கவனிப்பதே இல்லை.)

லாஜிக் வேட்டை ஒரு தனிப் பொழுதுபோக்கு. அதில் சரியான குறையும் உண்டு, அவசரக் குறையும் உண்டு, இரண்டையும் ஒரே கூடையில் போடக் கூடாது. மின்னலுக்குப் பிறகு கைக்கடிகாரம்கூட நின்றுபோன ஊரில் ஒருவர் மட்டும் கேமராவில் வீடியோ எடுக்கிறார். இது சரியான குறை. எல்லா வண்டியும் நின்றபோது ரே ஓட்டிப்போகும் வேன் மட்டும் எப்படி ஓடுகிறது என்பது அவசரக் குறை. வண்டியைக் கிளப்பும் பாகமான சாலினாய்டை மாற்றிப் பார் என்று மெக்கானிக்கிடம் அவனே சொல்லிவிட்டுப் போகிறான். அதேபோல, வந்தவர்கள் லட்சக்கணக்கான வருஷமாகத் திட்டம் போட்டார்கள் என்று நிலவறையில் பிதற்றுகிற ஆளின் பேச்சை அப்படியே படத்தின் உண்மையாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பயந்துபோன ஒருவன் சொல்வது அது. (நகரத்தில் வண்டியெல்லாம் அப்படியே நின்றுவிட்டால் எப்படி இருக்கும் என்று பெங்களூருக்காரர்களிடம் கேட்காதீர்கள். சில்க் போர்டு சிக்னலில் தினமும் பார்க்கிறோம்.)

அந்த நிலவறை ஆள் டிம் ராபின்ஸ். அவர் சத்தம் போட்டால் எல்லோரும் மாட்டுவார்கள். ரே மகளின் கண்ணைக் கட்டி, காதைப் பொத்திக்கொண்டு பாடச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்துகிறான். உள்ளே நடப்பதைப் படம் காட்டுவதில்லை. “ஹீரோ இப்படிப் பண்ணலாமா?” என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. நாவலில் கதைசொல்லி, கத்துகிற பாதிரியாரைக் கறிவெட்டும் கத்தியின் பின்புறத்தால் அடித்துச் சாய்க்கிறார். ஹீரோ என்ற அளவுகோலே இங்கே பொருந்தாது. ரேச்சலின் அலறலுக்கும் இதைத்தான் சொல்வேன். பத்து வயதுப் பெண் அந்த நிலைமையில் வேறென்ன செய்வாள்? அக்கா இதை ஒப்புக்கொள்ளவில்லை. “அதுக்காக என் காது என்ன பாவம் பண்ணுச்சு?” என்றாள்.

இன்னொரு காட்சியைப் பலர் ஆக்‌ஷன் காட்சி என்று கடந்துபோகிறார்கள். ஊரிலேயே ஓடுகிற ஒரே வேனை ஜனங்கள் சூழ்ந்துகொள்கிறார்கள். கண்ணாடியை உடைக்கிறார்கள், கையாலேயே பிய்க்கிறார்கள். துப்பாக்கி வைத்திருப்பவனுக்கு வண்டி என்று ஆகிறது. கொஞ்ச நேரத்தில் அவனையும் ஒருவன் சுட்டுவிடுகிறான். அதுவரை வீறாப்பாக இருந்த ரே ஓட்டல் மேசையில் உட்கார்ந்து உடைந்து அழுகிறான். வேற்றுக்கிரகத்தார் யாரும் இல்லாத காட்சி இது. படத்திலேயே பயங்கரமானதும் இதுதான்.

சித்தப்பா அந்தக் காட்சியில்தான் எழுந்து பால்கனிக்குப் போனார். பின்னாலேயே போனேன். “தொண்ணூத்தொண்ணு டிசம்பர்ல உங்க சித்தியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கிட்டு ஸ்டேஷனுக்கு ஆட்டோல போனேன்டா. தெருமுனையில நிறுத்திட்டாங்க” என்றார். காவிரி இடைக்காலத் தீர்ப்பை ஒட்டி இங்கே தமிழர்கள் தாக்கப்பட்ட நாட்கள் அவை. “டிரைவர் கன்னடக்காரர். இவங்க என் வீட்டாளுங்கன்னு சொல்லி எங்களைக் கொண்டுபோய் விட்டாரு. சோலார்பேட்டை போய்ச் சேர்ற வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் பேசிக்கல.” அவ்வளவுதான் சொன்னார். படம் நன்றாக இருந்ததா என்று நான் கேட்கவில்லை.

இதனால்தான் இந்தப் படத்துக்கு வருகிற மதிப்பெண்ணைக் கூட்டிச் சராசரி எடுப்பதை நான் தவறு என்பேன். பத்துக்கு மூன்று போட்டவர் போருக்காகக் காத்திருந்தவர். ஒன்பது போட்டவர் ஓடியவனைப் பார்த்தவர். இரண்டையும் சேர்த்து ஆறு என்றால் அந்த ஆறு யாருடைய அனுபவமும் இல்லை.

“இது அமெரிக்காக்காரன் பயம், நமக்கென்ன?” என்பதையும் அடிக்கடி கேட்கிறேன். உடம்பெல்லாம் சாம்பலோடு ரே வீடு திரும்புவது, சுவரில் ஒட்டிய காணாமல்போனவர்களின் படங்கள், தீவிரவாதிகளா என்று குழந்தை கேட்பது எல்லாம் 2001 செப்டம்பர் 11-ஐ வைத்து எடுத்தவைதான். ஆனால் கதையின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. டாஸ்மேனியாவின் பூர்வகுடிகள்மேல் ஐரோப்பியர்கள் நடத்திய அழிப்புப் போரை வெல்ஸ் முதல் அத்தியாயத்திலேயே நினைவூட்டி, செவ்வாய்க்காரர்கள் அதே மனதோடு வந்தால் நாம் புகார் சொல்ல முடியுமா என்று தன் நாட்டாரைக் கேட்கிறார். நாங்கள் இந்தப் படத்தைப் பார்த்தது அந்த ஆங்கிலேயர்கள் தங்கள் பட்டாளத்துக்காகக் கட்டிய கண்டோன்மென்ட்டில் உட்கார்ந்துகொண்டு. அந்தப் பட்டாளத்தின் பின்னால் வேலை தேடி வந்த தமிழர்களால்தான் அல்சூரில் இத்தனை தமிழ்க் குரல் கேட்கிறது. மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படை இன்றும் ஏரிக்கரையில்தான் இருக்கிறது. கிருமி ஜெயிக்கிற அந்தப் புத்தகம் வெளியான அதே 1898-ல்தான் பெங்களூருக்குள் பிளேக் நுழைந்தது. இங்கே அது எந்தப் படையெடுப்பாளரையும் தேடிப் போகவில்லை, ஏழைகளின் தெருவைத்தான் தேடிப் போனது. பிளேக் மாரம்மாவுக்கு இந்த ஊரில் இன்றும் கோயில் உண்டு.

மற்றவை சின்னத் தவறுகள். கைபேசியில் பார்க்காதீர்கள். அந்த இயந்திரத்தின் ஊதல் வயிற்றில் அதிர வேண்டும். இந்தப் படத்துக்குக் கிடைத்த மூன்று ஆஸ்கர் பரிந்துரைகளில் இரண்டு ஒலிக்காக. 1938-ல் இந்தக் கதையை வானொலி நாடகமாக்கி அமெரிக்காவைப் பயமுறுத்தியதாகப் பேசப்படுபவர் ஆர்சன் வெல்ஸ். தமிழில் எழுதினால் இரண்டு பேரும் ஒரே வெல்ஸ் என்பதால் ஒருவர் என்றே நினைப்பவர்கள் உண்டு. இருவரும் 1940-ல் டெக்சாஸில் ஒரு வானொலி நிலையத்தில் சந்தித்துப் பேசினார்கள். அந்த நாடகம் ஒலிபரப்பான அன்றைக்கு நாடு முழுக்கப் பீதி பரவியது என்ற கதையையும் செய்தித்தாள்கள் ஊதிப் பெரிதாக்கின.

கடைசியாக, சரியான படத்தைத்தான் பார்க்கிறோமா என்று பாருங்கள். 2005-ல் மட்டுமே இதே தலைப்பில் மூன்று படங்கள் வந்தன. 2019-ல் இரண்டு தொடர்கள். 2025-ல் ஐஸ் கியூப் நடித்து இன்னொன்று. போன வாரம் அக்கா மகன் கூப்பிட்டான். “மாமா, உங்களுக்காக மறுபடியும் போட்டுப் பாத்தேன். அரை மணி நேரமா ஒருத்தர் கம்ப்யூட்டர் முன்னாடியே உக்காந்துட்டிருக்காரு. டாம் குரூஸ் எப்ப வருவாரு?”