கலிஃபோர்னியா புரோபேட்: எக்ஸிகியூட்டர் தனி அதிகாரம் கேட்கும் முறை

இறந்தவரின் சொத்தை நீதிமன்றத்தின் வழியே தீர்த்துப் பங்கிடும் நடைமுறைதான் புரோபேட். அதில் உயிலை நிறைவேற்றும் எக்ஸிகியூட்டர், வீட்டை நீதிமன்ற மேற்பார்வையில் விற்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. விலை, மதிப்பீட்டில் 90 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. விற்பனையை உறுதிசெய்யும் நீதிமன்ற விசாரணை நாளன்று வேறொருவர் வந்து விலையை ஏற்றிக் கேட்கலாம். 8,00,000 டாலருக்குப் பேசி முடித்த வீட்டை அங்கே கேட்பவர் குறைந்தது 8,40,500 டாலர் சொல்ல வேண்டும். முதல் 10,000 டாலருக்கு 10 சதவீதம், மீதிக்கு 5 சதவீதம் என்பது கணக்கு. இந்த நிச்சயமின்மையைக் கண்டு நல்ல வாங்குநர்கள் பலர் விலகிவிடுகிறார்கள். இதைத் தவிர்க்கத்தான் புரோபேட் சட்டத்தின் 10400-ஆம் பிரிவிலிருந்து வரும் சுதந்திர நிர்வாக அதிகாரம், அதாவது பெரும்பாலான வேலைகளை நீதிமன்ற அனுமதி கேட்காமலே எக்ஸிகியூட்டர் செய்யும் உரிமை.

முதலில் உயிலைப் படியுங்கள். இந்த அதிகாரம் கூடாது என்று அதில் எழுதியிருந்தால் நீதிமன்றம் தராது. உயில் ஒன்றும் சொல்லாவிட்டால் தடையில்லை.

கேட்கச் சரியான இடம் தொடக்க மனுவான டிஇ-111 படிவம். அதில் முழு அதிகாரம், வரையறுக்கப்பட்ட அதிகாரம் என இரண்டு கட்டங்கள் இருக்கும். இரண்டாவதை எடுத்தால் வீட்டை விற்கவோ, வேறு சொத்துக்கு மாற்றிக்கொள்ளவோ, வாங்கும் உரிமை எழுதித் தரவோ, அடமானம் வைத்துக் கடன் வாங்கவோ நீதிமன்ற அனுமதி வேண்டும். மற்றவற்றில் பெரும்பாலும் சுதந்திரம் உண்டு. அப்படியானால் எல்லோரும் முழு அதிகாரமே கேட்கலாமே என்று தோன்றும். எக்ஸிகியூட்டர் தவறு செய்தால் இழப்பை ஈடுகட்டும் ஜாமீன் பத்திரத்தை மறந்துவிடாதீர்கள். முழு அதிகாரம் கேட்டால் ஜாமீன் தொகையில் வீட்டின் மதிப்பும் சேரும், பிரீமியமும் ஏறும். உயில் ஜாமீனைத் தள்ளுபடி செய்திருந்தாலோ, பயனாளிகள் அனைவரும் டிஇ-142 படிவத்தில் கையெழுத்திட்டாலோ பெரும்பாலும் இந்தச் செலவு இல்லை. வீட்டை விற்கும் எண்ணமே இல்லையென்றால் வரையறுக்கப்பட்ட அதிகாரமே போதும்.

மனு தள்ளிப்போவது பெரும்பாலும் நோட்டீஸில்தான். வாரிசுகளுக்கும் பயனாளிகளுக்கும் போகும் டிஇ-121 நோட்டீஸ், மனு மீதான விசாரணைக்குக் குறைந்தது 15 நாள் முன்பு தபாலில் போயிருக்க வேண்டும், செய்தித்தாளில் மூன்று முறை வந்திருக்க வேண்டும். இந்த அதிகாரம் கேட்கப்படுகிறது என்ற வாசகம் அதில் கட்டாயம். ஒரு வாரிசு மதுரையில் இருந்தாலும் தபாலில் போட்ட நாளிலிருந்தே 15 நாள் எண்ணப்படும், கூடுதல் அவகாசம் கிடையாது. ஆகவே அவர்களிடம் முன்கூட்டியே போனில் பேசிவிடுங்கள். உயிலில் சொத்து ஒரு டிரஸ்டுக்குப் போய், எக்ஸிகியூட்டரே அதன் டிரஸ்டியாகவும் இருந்தால், டிரஸ்டின் பயனாளிகளுக்கும் நோட்டீஸ் வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான்.

தொடக்கத்தில் கேட்காமல் விட்டிருந்தால் பிறகு தனி மனு போடலாம். அதற்கும் 15 நாள் நோட்டீஸ் உண்டு. அதிகாரம் கூடும்போது ஜாமீனையும் கூட்டச் சொல்லலாம். தக்க காரணத்தை யாரும் காட்டாதவரை நீதிமன்றம் மனுவை ஏற்க வேண்டும். முழு அதிகாரத்தை மறுக்க மட்டும் காரணம் காட்டப்பட்டால், வரையறுக்கப்பட்டது கிடைக்கும். உத்தரவு வந்ததும், எக்ஸிகியூட்டரின் அதிகாரத்துக்கு நீதிமன்றம் தரும் சான்றான டிஇ-150 லெட்டர்ஸில் ‘முழு அதிகாரம்’ என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விற்பனைப் பணத்தையும் பத்திரங்களையும் இடையில் வைத்திருக்கும் எஸ்க்ரோவில் முதலில் கேட்கப்படும் காகிதம் அதுதான்.

அதிகாரம் கிடைத்தாலும் கடமை தீராது. வீட்டை விற்குமுன், அதனால் பங்கு பாதிக்கப்படும் வாரிசுகளுக்கும் பயனாளிகளுக்கும் டிஇ-165 முன்னறிவிப்பைக் குறைந்தது 15 நாள் முன்பு அனுப்ப வேண்டும், அதில் விலையும் தரகர் கமிஷனும் இருக்க வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட வாடகை ஒப்பந்தத்துக்கும் இதே விதி. அறிவிப்பு கிடைத்தும் எதிர்க்காதவர், அந்தச் செயலைப் பிறகு நீதிமன்றம் ஆராயக் கேட்கும் உரிமையைப் பொதுவாக இழக்கிறார். எனவே அது உங்களுக்கும் பாதுகாப்பு. யாராவது எதிர்த்தால் அந்தச் செயலை நிறுத்துங்கள், அல்லது நீதிமன்ற அனுமதி பெறுங்கள். மீறினால் பதவியிலிருந்து நீக்கப்படவும் காரணமாகும்.

எக்ஸிகியூட்டரின் ஊதியம், வழக்கறிஞர் கட்டணம், கணக்கு ஒப்புதல், சொத்துப் பங்கீடு, எக்ஸிகியூட்டரோ அவர் வழக்கறிஞரோ இறந்தவரின் சொத்தை வாங்குவது ஆகியவற்றுக்கு எந்த அதிகாரம் இருந்தாலும் நீதிமன்றம் போயே ஆக வேண்டும். இறுதி மனுவில், முன்னறிவிப்பு தேவைப்பட்ட ஒவ்வொரு செயலையும், யாருக்கு எப்போது அறிவித்தீர்கள், யாராவது எதிர்த்தார்களா என்பதோடு எழுத வேண்டும். ஒவ்வொரு டிஇ-165-இன் நகலையும், தபாலில் அனுப்பியதற்கான சான்றையும் முதல் நாளிலிருந்தே ஒரே கோப்பில் வையுங்கள்.