வீட்டிலேயே கிதார்: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இணையத்தில் கிதார் பாடங்களுக்குப் பஞ்சமில்லை. ஜஸ்டின் சாண்டர்கோ நடத்தும் ஜஸ்டின்கிதார் தளத்தில் தொடக்கநிலைப் பாடங்கள் வரிசையாக, இலவசமாகவே கிடைக்கின்றன. இருந்தும், ஆசையோடு தொடங்கிய பிள்ளைகள் பலர் சில வாரங்களிலேயே கிதாரை மூலையில் சாத்திவிடுகிறார்கள். ஆர்வம் போய்விட்டது என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம். பெரும்பாலும் அது உண்மையல்ல. திரையில் இருக்கும் ஆசிரியர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பிள்ளையின் கையை அவரால் பார்க்க முடியாது, வாசிப்பைக் கேட்கவும் முடியாது. அந்த இரண்டையும் வீட்டில் ஒருவர் செய்தாக வேண்டும். அதற்கு அவருக்கு கிதார் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முதல் கோளாறு கருவியிலேயே தொடங்குகிறது. வளர்ந்த பிறகும் பயன்படட்டும் என்று முழு அளவு கிதாரை வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். ஐந்து முதல் எட்டு வயதுவரை அரை அளவும், அதன்பின் பதினொன்றுவரை முக்கால் அளவும் ஏறக்குறையப் பொருந்தும். வயதைவிடக் கையின் நீளம்தான் கணக்கு. உலோகத் தந்தி பிஞ்சு விரலை அறுக்கும், நைலான் தந்தி மென்மையானது. கிதாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்தான் ஃபிரெட்டுகள். பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு மேல் தந்தி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். 4 மில்லிமீட்டரைத் தாண்டினால் பெரியவருக்கே அழுத்துவது சிரமம். பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து அதைத் தணித்த பிறகு பாடத்தைத் தொடங்கலாம்.

சுருதி சேராத கிதாரில் பயிற்சி செய்யவிடுவது அதைவிடப் பெரிய தவறு. பிள்ளை விரலைச் சரியான இடத்தில்தான் வைத்திருப்பாள், ஆனால் ஒலி கோணலாக வரும். தப்பு தன்னுடையது என்றே அவள் நினைப்பாள். எனக்கு இதுதான் மிகவும் வருத்தம் தருவது. புதிய நைலான் தந்திகள் பல நாட்கள் இளகிக்கொண்டே இருக்கும் என்பதால், ஒவ்வொரு முறையும் ட்யூனர் செயலியை வைத்துச் சுருதி சேர்த்த பிறகே கிதாரைக் கையில் கொடுங்கள். தடித்த தந்தியிலிருந்து வரிசை: ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. செயலி எழுத்தை மட்டும் காட்டினால் கவனம் தேவை. ஒரு ஸ்தாயி மேலே முறுக்கினாலும் அதே எழுத்துதான் வரும், தந்தி அறுந்துவிடும்.

வரைபடங்களும் குழப்பும். கார்டு என்பது சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் கூட்டு. அதன் வரைபடத்தில் இடது ஓரக் கோடு தடித்த தந்தி. எந்தத் தந்தியில் எந்த ஃபிரெட் என்று எண்களால் காட்டும் டேப்லேச்சரில் மேல்கோடு மெல்லிய தந்தி. கிதாரை மடியில் வைத்திருக்கும் பிள்ளைக்கோ தடித்த தந்திதான் மேலே இருக்கிறது. ஒரு முறை பக்கத்தில் உட்கார்ந்து கோட்டையும் தந்தியையும் தொட்டுக் காட்டினால் தீர்ந்தது.

காணொளியின் வேகத்துக்குப் பிள்ளையை ஓடவைக்காதீர்கள். யூடியூப் அமைப்புகளில் வேகத்தை 0.75 அல்லது 0.5 ஆகக் குறைக்கலாம், சுருதி மாறாது. ஒரு பாடம் முடிந்ததும் தானாக அடுத்த காணொளிக்குத் தாவும் வசதியையும் அணைத்துவிடுங்கள். இன்று ஓர் ஆசிரியர், நாளை வேறொருவர் என்று மாறினால், எல்லாவற்றிலும் முதல் பாடம் மட்டுமே தெரிந்த பிள்ளைதான் மிஞ்சும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சாக ஒரு மணி நேரம் என்பதைவிட, தினமும் பத்துப் பதினைந்து நிமிடங்கள் நல்லது. விரல் நுனி எரிவது இயல்பு, சில வாரங்களில் தோல் தடித்துவிடும். மணிக்கட்டோ தோளோ வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிட்டு, உட்காரும் விதத்தைக் கவனியுங்கள். ஒலி கரகரத்தால் விரல் பெரும்பாலும் ஃபிரெட் கம்பியிலிருந்து தள்ளி இருக்கும். கம்பியை ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னால் அழுத்தினால் தெளிவாகிவிடும். இதைக் கண்டுபிடிக்க இசைஞானம் வேண்டாம், கிட்டே போய்ப் பார்த்தால் போதும்.

பயிற்சி என்ற பெயரில் பாட்டைத் தள்ளிப்போடுவதையும் நான் ஏற்கமாட்டேன். மெல்லிய தந்திகள் மூன்றை மட்டும் மீட்டச் சொல்லுங்கள். மிக மெல்லியதை முதல் தந்தி என்று எண்ணிக்கொண்டு, இரண்டாம் தந்தியின் முதல் ஃபிரெட்டில் ஒரு விரல் வைத்தால் சி மேஜர். அதை எடுத்துவிட்டு முதல் தந்தியின் மூன்றாம் ஃபிரெட்டில் வைத்தால் ஜி மேஜர். இந்த இரண்டே கார்டுகளில் அடங்கும் எளிய குழந்தைப் பாடல்கள் உண்டு. அவள் மீட்டும்போது கூடப் பாடுங்கள். விரல் மாற்றத் தடுமாறினால் அவள் வந்து சேரும்வரை அந்தச் சொல்லையே நீட்டிப் பிடித்திருங்கள்.