உதவி கேட்பதற்கு முன் கொஞ்சம் தேடுங்கள்

"என் ஆய்வுத் தலைப்புக்குத் தகவல் வேண்டும், யாராவது அனுப்புங்கள்" என்று மாணவர்கள் கேட்பதை அடிக்கடி பார்க்கிறேன். பெரும்பாலும் பதில் வருவதில்லை. கேட்டது தவறில்லை, கேட்ட விதம்தான் சரியில்லை. எங்கே தேடினீர்கள், என்ன கிடைத்தது, எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று மூன்று வரி சேர்த்துப் பாருங்கள். விஷயம் தெரிந்தவருக்குப் பதில் சொல்லத் தோன்றும்.

முதலில் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலர் தளத்தில் தேடுங்கள். பொருத்தமான ஒரே ஒரு கட்டுரை சிக்கினாலும் போதும். அதன் கடைசியில் இருக்கும் துணைநூல் பட்டியல் உங்களை முந்தைய ஆய்வுகளுக்கு அழைத்துப் போகும். தேடல் முடிவில் அந்தக் கட்டுரைக்குக் கீழே, அதை மேற்கோள் காட்டியவற்றின் இணைப்பு இருக்கும். அதற்குப் பின் வந்த ஆய்வுகள் அங்கே கிடைக்கும். நிறைய மாணவர்கள் இந்த இணைப்பைக் கவனிப்பதே இல்லை என்பதுதான் என் வருத்தம்.

கட்டுரையைப் படிக்கப் பணம் கேட்கிறதா? பல்கலைக்கழகங்களின் இணையக் களஞ்சியங்களில் இலவசப் பிரதி இருக்கலாம். இல்லையென்றால் கட்டுரையில் உள்ள ஆசிரியரின் மின்னஞ்சலுக்கே எழுதுங்கள். தலைப்பு, ஆண்டு, கட்டுரையை அடையாளம் காட்டும் டி.ஓ.ஐ. எண் (10 என்று தொடங்கும்) மூன்றையும் குறிப்பிட்டால் அவருக்குத் தேடும் வேலை மிச்சம்.

அப்புறம், ஒருவர் சொன்ன தகவலை அப்படியே ஆய்வேட்டில் சேர்க்காதீர்கள். எந்த நூல், எந்தப் பக்கம் என்று கேட்டு, நீங்களே படித்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள். உதவியவருக்கு நன்றி சொல்லும்போது, அது எப்படிப் பயன்பட்டது என்பதையும் ஒரு வரி எழுதுங்கள்.